படத்தைப் பார்க்காதவள்

குடை விளம்பரத்துக்கு வரி எழுதுகிறவள் கையில் குடை இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

அவள் கையில் இல்லை. அச்சகத்தில் புரூஃப் தாள்களை வாங்கிக்கொண்டு, சாலையைக் கடக்க நாற்சந்தியில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. தூறல் போட்டு முன்னறிவிப்பெல்லாம் கொடுக்கவில்லை... எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. அவள் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை சிக்னலுக்காகக் காத்து நின்றது. அவள் யோசிக்கவே இல்லை. உள்ளே புகுந்துவிட்டாள்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க. பேப்பர் நனையுது.”

குடைக்குச் சொந்தக்காரன் ஒரு கணம் அசையவில்லை. பிறகு குடை மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது.

“ஆள் நனையுறதப் பத்திக் கவலை இல்லையா?”

“ஆள் காய்ஞ்சுடுவா. இது காயாது.”

சிக்னல் விழுந்தது. இரண்டு பேரும் நடந்தார்கள். அவள் தலை குனிந்தபடியே தாளைப் புரட்டி, எங்காவது மை கரைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். குடை வைத்துக்கொள்கிற பழக்கம் இல்லையா என்று அவன் கேட்டான். குடைக்குத்தான் விளம்பரம் எழுதிக்கொண்டிருக்கிறேன், வாங்க நேரமில்லை என்றாள். அவன் சிரித்தான். அலட்டல் இல்லாத, தனக்குள்ளேயே சிரித்துக்கொள்கிற மாதிரியான சிரிப்பு.

அலுவலக வாசல் வந்தது. “தேங்க்ஸ்ங்க” என்று குடையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். படியேறும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தக் கை... சட்டைக் கை முழுக்க நனைந்து, மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டு இருந்ததே... தோளும் நனைந்திருக்குமே. முகம்? முகத்தைப் பார்த்தோமா? இல்லை. ‘சே, என்ன பொண்ணு நீ’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த நிமிடம் குடைக் கம்பெனி முதலாளியிடமிருந்து போன் வந்தது. எல்லாம் மறந்துபோனது.

அந்த முதலாளிக்கு எதைக் காட்டினாலும் ஒரே பதில்தான். “நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் பளிச்சுனு வேணும்.” எழுத்தைப் பெரிதாக்கினால் படம் சின்னதாகிவிட்டது என்பார். படத்தைப் பெரிதாக்கினால் கம்பெனிப் பெயர் எங்கே என்பார். விளம்பர ஏஜென்சியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய பாட்டு. வெளியே இருந்து பார்க்கிறவர்கள் அங்கே ஏதோ மாயவித்தை நடப்பதாக நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது இதுதான்... ஆறிப்போன காபி, சத்தம் போடும் ஏ.சி., ‘ஃபைனல்’ என்று பெயர் வைத்த ஃபைலுக்குக் கீழே ‘புது ஃபைனல்’ என்று இன்னொரு ஃபைல்.

அலுவலகத்தில் அவளுக்கு ‘கமா’ என்று பட்டப்பெயர். ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூட விடமாட்டாள், அச்சுக்குப் போகிற வேலையை நிறுத்திவிடுவாள். புரூஃப் பார்ப்பதிலும் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. கடைசி வார்த்தையில் தொடங்கி முதல் வார்த்தைக்குப் பின்னோக்கி வாசிப்பாள். நேராக வாசித்தால் கண் நம்மை ஏமாற்றிவிடும், இருக்கிற தப்பைத் தானே திருத்திக்கொண்டு போய்விடும் என்பாள். அந்த முறையில் அவளிடம் ஒரு தப்பும் தப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

குடைக்கு அவள் எழுதிய வரி முதலாளிக்கே பிடித்துப்போயிருந்தது. ‘கூட ஒருத்தர் இருந்தால், மழை சின்னது.’ பளிச்சென்று வேண்டும் என்று அவர் கேட்காத ஒரே வரி இதுதான்.

வரி தயார், படம்தான் பாக்கி. மாடல்களை வைத்துப் படம் எடுக்க இன்னும் நாள் இருந்தது. அதுவரை லேஅவுட்டில் ஏதாவது ஒரு டம்மி படம் வைப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். யாராவது ஒருவரை நிற்கவைத்து ஒரு கிளிக்... அசல் வந்ததும் டம்மியைத் தூக்கிவிடுவார்கள். சோப்பு விளம்பரத்துக்கு அக்கவுண்ட்ஸ் பெரியவரே நுரையோடு நின்றிருக்கிறார். இந்தத் தடவை போட்டோகிராபர் தன்னிடம் கைவசம் ஒன்று இருப்பதாகச் சொல்லி டிசைனரிடம் கொடுத்துவிட்டான். அன்று மழையில் புது லென்ஸைச் சோதிக்க முதல் மாடி ஜன்னலில் நின்றவன் கண்ணில் ஒரு கறுப்புக் குடை பட்டிருந்தது. அவளிடம் மட்டும் சொல்லாமல், வேடிக்கையாக வைத்தது அது.

பருவமழை முந்திக்கொண்டது. முதலாளியும் முந்திக்கொண்டார். நாற்சந்தியில் விளம்பரப் பலகை இந்த வாரமே ஏற வேண்டும் என்றார். அந்த அலுவலகத்தில் ஒப்புதல் என்றால் மூன்று பேர். படத்தை டிசைனர் பார்ப்பார், எழுத்தை அவள் பார்ப்பாள், போன் நம்பரையும் முகவரியையும் அக்கவுண்ட்ஸ் பெரியவர் பார்ப்பார். ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைப்பதில்லை. அன்று டிசைனருக்குக் காய்ச்சல், வரவில்லை. பெரியவர் போன் நம்பரை விரல் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவள் ‘சின்னது’ என்பதில் ஆரம்பித்து ‘கூட’ என்பது வரை பின்னோக்கி வாசித்து, கமாவைத் தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட்டாள். எழுத்துக்குப் பின்னால் டம்மி படமே மாறாமல் இருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அதில் இருந்தது தன் முகம்தான் என்று தெரியாமலே அவள் அதை அச்சுக்கு அனுப்பிவைத்தாள்.

பலகை ஏறிய காலை, பஸ்ஸைவிட்டு இறங்கியபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஆட்கள் அவளைப் பார்த்தார்கள், அண்ணாந்து மேலே பார்த்தார்கள், மறுபடி அவளைப் பார்த்தார்கள். அவளும் அண்ணாந்து பார்த்தாள். கலங்கலாக ஒரு நீலம், நடுவில் ஒரு கறுப்பு வட்டம், கீழே பெரிய எழுத்தில் தன் வரி. தூரத்துப் பொருள் எல்லாமே அவளுக்கு அப்படித்தான் தெரியும், அதனால் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை. எழுத்து நேராக இருக்கிறது, சந்தோஷம் என்று உள்ளே போனாள்.

உள்ளே போட்டோகிராபர் மேஜைக்கு அடியில் ஒளியாத குறை. அவன் போனில் காட்டியபோது அவளுக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அவளேதான். நெற்றியில் ஒட்டிய முடி, உப்பிய கன்னம், உலகமே அழிந்தாலும் தாளைவிட்டுக் கண்ணை எடுக்காத ஒரு பிடிவாத மூஞ்சி. போட்டோவில் எல்லோரும் முதலில் தேடுவது தங்களைத்தானே... அவளும் தன்னை மட்டும்தான் பார்த்தாள். பக்கத்தில் குடையோடு நின்றவனைப் பார்ப்பதற்குள் போனைக் கவிழ்த்துவிட்டாள். இனி அந்தப் படத்தை என் கண்ணில் காட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

மேடம், அந்த ஏஜென்சியை நடத்துகிறவர், கோபம் வந்தால் குரலை இன்னும் தாழ்த்திப் பேசுவார். அன்று அவர் பேசியது யாருக்கும் காதில் விழவில்லை. இத்தனைக்கும் குடை முதலாளிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. இதைவிட நல்ல மாடல் எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம். ஆனால் அந்தக் குடைக்காரர் யார், அவரிடம் அனுமதி வாங்கினீர்களா என்றும் கூடவே கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

பதில் தானே மதியம் நடந்து வந்தது.

கையில் அதே கறுப்புக் குடை. மீட்டிங் அறையில் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரில் மேடம், ஓரத்தில் அவள். இப்போதாவது முகத்தைப் பார்த்தாளா? பார்த்தாள், ஓரக்கண்ணால். சிரிக்காதபோதும் சிரிப்பின் மிச்சம் தங்கியிருக்கிற முகம். நாற்சந்திக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறானாம், கண் பரிசோதிப்பதும் அவன்தான். பலகை அவன் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது.

“எழுத்தைப் படிங்கன்னா சார்ட்டைப் படிக்க மாட்டேங்கறாங்க மேடம். ஜன்னல் வழியா போர்டைப் படிக்கறாங்க. அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க” என்றான்.

மேடம் மன்னிப்புக் கேட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, குடையின் பட்டையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“கீழே இருக்கிற வரி... நீங்க எழுதினதா?”

“ஆமா.”

“நம்பித்தான் எழுதினீங்களா?”

கேலி செய்கிறான் என்று நினைத்துவிட்டாள். காலையிலிருந்து அலுவலகமே கேலி செய்துகொண்டிருந்தது, இவன் வேறா என்று சுருக்கென்று கோபம் வந்தது.

“நம்பறது கஸ்டமர் வேலை சார். எழுதறது மட்டும்தான் என் வேலை.”

பட்டை கட்டும் கை நின்றது. அவன் முகத்தில் தங்கியிருந்த அந்தச் சிரிப்பின் மிச்சமும் போய்விட்டது. “அப்ப சரி” என்றான் மேடத்திடம். “படத்தை எடுத்துடுங்க.”

வேறு படம் தயாராகும்வரை பொறுத்துக்கொள்ளும்படி மேடம் கேட்டார். அவன் தலையசைத்துவிட்டு எழுந்து போனான். அவன் போன பிறகு மேடம் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கண்ணாடிக் கடைக்காரர் சம்மதத்தோடு இருக்கும்வரைதான் நமக்கு இந்தக் கஸ்டமர், அவரைச் சமாதானமாக வைத்துக்கொள்வது உன் பொறுப்பு என்றார், காதில் விழாத குரலில். அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது.

மறுநாள் குடைக் கம்பெனியின் புதுக் குடை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனாள். கவுண்ட்டரில் இருந்தது அவனுடைய அம்மா. ஃபிரேம் ஒவ்வொன்றையும் குழந்தைக்கு முகம் துடைப்பது போலத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டார்.

“போர்டுல இருக்கிற பொண்ணுதானேம்மா நீ? உக்காரு, உக்காரு.”

உட்கார்ந்தாள். வீட்டில் யார் யார் என்று அம்மா கேட்டார். அப்பா, அண்ணன், அண்ணி என்றாள். அண்ணி எப்படி, ஒத்துமையா என்று கேட்டார். என்ன வேலை, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவாய், சாப்பாடு கட்டிக்கொண்டு வருவாயா என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. போகிற திசை அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவக்க, வேகமாகக் குறுக்கிட்டாள்.

“அம்மா, நீங்க வேற மாதிரி நினைச்சுட்டீங்க. நாங்க யாரோ எவரோ. அது ஆபீஸ்ல நடந்த தப்பு. வெறும் டம்மி படம்மா.”

சொல்லி முடிக்கும்போதுதான் உள்ளறைத் திரையை ஒதுக்கிக்கொண்டு அவன் நிற்பதைக் கவனித்தாள். கேட்டிருப்பான். கேட்கட்டுமே, உண்மைதானே... பிறகு ஏன் நெஞ்சுக்குள் ஏதோ இடறுகிறது? குடையை நீட்டினாள். மன்னிப்புக் கேட்டாள். மனப்பாடம் செய்துவந்த வரிகள் எல்லாம் சரியான வரிசையில் வந்தன. அவன் குடையை வாங்கவில்லை.

“உங்களுக்குத்தான் குடை இல்லையே. வச்சுக்கங்க” என்றான். அப்புறம், “சுவர்க் கடிகாரத்துல என்ன மணி?” என்று கேட்டான்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இன்னும் சுருக்கினாள்.

“தலைவலி வருமா?”

“எழுத்து பாக்கற வேலை. வராம இருக்குமா?”

“உள்ள வாங்க.”

உள்ளறை இருட்டாக இருந்தது. எதிரில் வெளிச்சமான சதுரத்தில் எழுத்துகள். கனமான சோதனைக் கண்ணாடியை அவள் மூக்கின் மேல் வைத்து, அவன் ஒவ்வொரு வில்லையாக மாற்றினான். விரல் நெற்றியில் படாமல் அத்தனை கவனமாக.

“இது தெளிவா... இல்ல, இதுவா?”

“முதல்ல வச்சது.”

“இப்ப? இது தெளிவா?”

அவன் குரல் மிக அருகில் இருந்தது. வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது, தகரக் கூரையில் யாரோ அரிசி கொட்டுகிற மாதிரி. அவளுக்கு எது தெளிவு என்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை. யாரும் இப்படி இவ்வளவு பொறுமையாக அவளிடம் எதையும் கேட்டதில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் பதில் உடனே வேண்டும். இவனுக்கு மட்டும் அவசரமே இல்லை.

கிட்டப்பார்வை என்றான். பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், தூரம்தான் தெரியாது. பஸ் நம்பர் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டான். பக்கத்தில் நிற்பவரைக் கேட்பேன், எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன் என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. மீட்டிங்கில் எப்போதும் படம் போடும் திரைக்குப் பக்கத்திலேயே உட்கார்வதும், அதைப் பார்த்து மேடத்தைக் காக்கா பிடிக்கிறாள் என்று மற்றவர்கள் பேசுவதும்கூடச் சொன்னாள். எதற்கு இதையெல்லாம் சொல்கிறோம் என்று சொல்லிமுடித்த பிறகு தோன்றியது.

கண்ணாடி தயாராகச் சில நாட்கள் ஆகும் என்றான்.

அந்தச் சில நாட்கள்தான் எல்லாவற்றையும் கெடுத்தன. சாயங்காலம் அவள் பஸ்ஸுக்கு நிற்கும் நேரமும் அவன் கடையிலிருந்து வெளியே வரும் நேரமும் எப்படியோ ஒன்றாகிவிட்டன. “உங்க பஸ் வருது” என்று தள்ளி நின்று சொல்வான். அதற்காக வந்தவன் மாதிரி. பஸ் நம்பரில் ஆரம்பித்த பேச்சு மெல்ல வளர்ந்தது. பளிச்சுனு முதலாளி கதையை அவள் சொல்வாள். கண்ணாடி போட ஆசைப்பட்டு, எழுத்தே தெரியவில்லை என்று சாதித்த சின்னப் பெண்ணின் கதையை அவன் சொல்வான். அந்தக் குட்டியின் கண்ணுக்குள் குறும்பு ஓடியதை வைத்தே கண்டுபிடித்துவிட்டானாம். கண்ணுக்குள் அதெல்லாம் தெரியுமா என்றாள். தெரியும் என்றான், அவளைப் பார்க்காமல்.

ஒரு நாள் வானம் வெளுத்திருந்தது. காரணமே இல்லாமல் அவளுக்கு எரிச்சலாக வந்தது. மழை இல்லையே என்று வருத்தப்படுகிறோம் என்பது மத்தியானம்தான் புரிந்தது. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள். அவனைப் பிடித்துவிட்டது. சுற்றி வளைத்து என்ன பிரயோசனம், பிடித்துவிட்டது.

சொல்லலாமா என்று போனை எடுத்து எழுதிப் பார்த்தாள். அழித்தாள். வேறு மாதிரி எழுதினாள். எழுதியதைப் பின்னோக்கியும் வாசித்துப் பார்த்தாள். தப்பே இல்லை... அதுதான் தப்பு. ஒவ்வொரு வரியும் விளம்பரம் போலவே இருந்தது. ‘எழுதறது மட்டும்தான் என் வேலை’ என்று திமிராகச் சொன்னவள் இப்போது என்ன எழுதினாலும் அவன் எப்படி நம்புவான்? போதாதற்கு, அவன் அம்மாவிடமே ‘யாரோ எவரோ’ என்று சொல்லியாகிவிட்டது. சொன்ன வாய்க்கு இப்போது இறங்கி வர வெட்கம்.

புதுப் படம் தயாரானது. நல்ல மாடல்கள், பளிச்சென்ற குடை, பளிச்சென்ற சிரிப்பு. பழைய பலகை வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கும் என்று மேடம் சொன்னார். அதே வெள்ளிக்கிழமை மதியம் கண்ணாடிக் கடை அம்மா போன் செய்தார். கண்ணாடி தயார், வந்து வாங்கிக்கொள் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை நாங்க ஒரு இடத்துக்குப் போறோம்மா. அவனுக்கு ஒரு வரன் வந்திருக்கு. வேண்டாம்னு அவன் சொல்லல... வேணும்னும் சொல்லல. எதைக் கேட்டாலும் சரிங்கறான்.”

“நல்ல விஷயம்தானேம்மா” என்றாள் அவள். குரல் சரியாகத்தான் வந்தது. போனை வைத்த பிறகு, எதிரில் இருந்த புரூஃபில் ஒரு எழுத்துக்கூட ஏறவில்லை. முதல் முறையாக, கமா விடுபட்டுப்போன ஒரு வாக்கியத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் போனாள். தூறிக்கொண்டிருந்தது. புதுக் குடை கையில் இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை. கடை முகப்பில் அவன் இல்லை, உள்ளறையில் யாருக்கோ கண் பார்த்துக்கொண்டிருந்தான். திரைக்குப் பின்னாலிருந்து ‘இது தெளிவா’ என்ற குரல் மட்டும் கேட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிடும் போலிருந்தது. அம்மா மெல்லிய பழுப்பு ஃபிரேமை எடுத்து, துடைத்து, தானே அவள் முகத்தில் மாட்டிவிட்டார். காதோரம் முடியை ஒதுக்கிச் சரிசெய்தார்.

“இங்கேயே நின்னா ஒண்ணும் தெரியாது. வெளிய போய்த் தூரத்தப் பாரும்மா.”

வெளியே வந்தாள். முதலில் மரம் தெரிந்தது. பச்சையாக ஒரே மேகமாக இருந்த மரத்தில் இத்தனை இலைகளா... ஒவ்வொன்றும் தனித்தனியாக நனைந்துகொண்டு. பஸ் வந்தது, நம்பர் தானாகத் தெரிந்தது. அவளுக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம் வந்தது. அப்படியே அண்ணாந்து பார்த்தாள்.

சாரத்தில் இரண்டு பேர் ஏறிப் பலகையில் கட்டியிருந்த விளம்பரத் துணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவள் இருந்தாள். அதே பிடிவாத மூஞ்சி, தாளில் புதைந்த கண். பக்கத்தில் அவன். குடை முழுவதும் அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அவனுடைய ஒரு தோள் மழையிலேயே இருந்தது. அவன் சாலையைப் பார்க்கவில்லை, மழையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு அகலத்துக்கு இருந்த அந்த இரண்டு கண்களிலும் அப்படி ஒரு கனிவு... ஒரு ஆச்சரியம்... எங்கே இருந்தாய் இத்தனை நாளாக என்று கேட்கிற மாதிரி.

இதை ஊரே பார்த்திருக்கிறது. பஸ்ஸில் போனவர்கள், சிக்னலில் நின்றவர்கள், இவன் அம்மா, எல்லோரும். அவள் மட்டும் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கயிறு அவிழ்ந்தது. முதலில் அவள் இருந்த பக்கம்தான் சரிந்தது. அவள் முகம் மடிந்து கீழே தொங்க, மேலே அவன் மட்டும் மிச்சமிருந்தான், வெறும் இரும்புச் சட்டத்தைப் பார்த்து அதே கனிவோடு புன்னகைத்துக்கொண்டு. அதை அவளால் தாங்க முடியவில்லை. திரும்பினாள்.

அவன் கடை வாசலில் நின்றிருந்தான்.

“அந்தப் படத்தை ஏன் எடுக்கச் சொன்னீங்க?” என்று கேட்டாள். கேட்க நினைத்தது அது இல்லை.

அவன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“அன்னிக்கு எடுக்கச் சொல்ல வரல. அதைச் சாக்கா வச்சு உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசலாம்னுதான் வந்தேன். எழுதறது மட்டும்தான் வேலைன்னீங்க. அப்புறம் தினமும் கடையைத் திறந்தா எதிர்ல அதுதான் தெரியும். நான் உங்களைப் பாத்துட்டே இருக்கேன்... நீங்க பேப்பரைப் பாத்துட்டே இருக்கீங்க. எத்தனை நாள் அதப் பாக்கறது?”

அவளுக்கு ஆயிரம் வரி எழுதத் தெரியும். சோப்புக்கும் செருப்புக்கும் குடைக்கும் எழுதியிருக்கிறாள். இப்போது ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. வராததே நல்லது என்று தோன்றியது.

“எனக்குப் பேசத் தெரியல. அழகா சொன்னா விளம்பரம்னு நினைப்பீங்க...” மூக்கை உறிஞ்சினாள். “அன்னிக்கு நான் சொன்னது வீம்புக்குச் சொன்னது. அந்த வரியை நான் நம்பறேன். எழுதும்போது நம்பல. இப்ப நம்பறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை நீங்க எங்கேயும் போகவேண்டாம்.”

சொல்லிவிட்டாள். பின்னோக்கி வாசித்துப் பார்க்கவில்லை.

கடைக்குள் அம்மா அவசர அவசரமாக ஏற்கெனவே துடைத்த ஃபிரேமையே மறுபடி துடைத்தார். காது முழுவதும் வாசலில்தான் இருந்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்று யாரிடமோ தணிந்த குரலில் சொல்வது கேட்டது.

தூறல் வலுத்தது. அவன் அவள் கையிலிருந்த புதுக் குடையை மெல்ல வாங்கி விரித்தான். பழக்கம் விடுமா... குடை அவள் பக்கமே சாய்ந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்து நடுவுக்கு நகர்த்தினாள். கையை எடுக்கவில்லை. கண்ணாடியில் இரண்டு துளி விழுந்திருந்தது. அவன் அதைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்ப அவள் முகத்தில் வைத்தான். இந்த முறை விரல் நெற்றியில் பட்டது.

“எனக்கும் பிடிச்சிருக்கு. அன்னிக்குப் பேப்பர் நனையுதுன்னு சொன்னீங்க பாருங்க... அப்பவே” என்றான்.

எதிரே பலகை முழுவதும் இறங்கிவிட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். கண், இமை, புருவத்தில் நின்ற ஒரு துளி, திரும்பி வந்துவிட்ட அந்தச் சிரிப்பு. அவன் குனிந்து, இருட்டறையில் கேட்ட அதே பொறுமையோடு கேட்டான்.

“இது தெளிவா?”

“தெளிவா இருக்கு” என்றாள்.